கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 2025 டிராஃப்ட்: ஏழு பேர், அதில் இரண்டு குவார்ட்டர்பேக்

அமெரிக்க ஃபுட்பாலில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி 2025இல் காலேஜ் ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் எடுத்த ஏழு பேருக்கு நான் போடும் மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுத்தடிக்க வேண்டாம். (இது அந்த டிராஃப்ட் முடிந்ததும் எழுதியது, போன சீசன் என்றால் 2024, இந்த சீசன் என்றால் 2025.) ஐந்துக்கு மூன்றரை. முதல் நான்கு பேருக்கு மட்டும் போடச் சொன்னால் நாலரை கொடுப்பேன். குறைத்ததெல்லாம் 94ஆவது பிக்குக்கும் (பிக் என்றால் வரிசையில் ஆள் எடுக்கிற முறை), எடுக்க வேண்டிய ஆட்களை எடுக்காமல் எழுந்து வந்ததற்கும்தான். எல்லாரும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) ஷெடூர் சாண்டர்ஸ் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அவனுக்காக எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அவன் பெயரைக் கேட்டாலே சண்டைக்கு வருகிறவர்கள் நேராகக் கீழே போய்விடலாம், மற்றவர்கள் வரிசையாக வாருங்கள்.

நான் இருப்பது தூத்தூர் பக்கம். நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அது கேரளம். இந்தக் கடற்கரை முழுக்கப் பந்து களிதான் (கால்பந்து), எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் நிறைய பேர். இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்க ஆட்டத்தில் உனக்கு என்னடா வேலை என்று கேட்கலாம். அக்கா கிளீவ்லாண்டில் நர்ஸ். அத்தான் போன முதல் குளிர்காலத்திலேயே பிரவுன்ஸ் பைத்தியமாகிவிட்டார், அது வாட்ஸ்அப் வழியாக எனக்கும் தொற்றிவிட்டது. ஜெயிக்கிற டீமாகப் பார்த்துப் பிடித்திருக்கக் கூடாதா என்று அம்மா கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக இரண்டு வரி. என்எஃப்எல் அணிகள் 32. ஆண்டுக்கு ஒரு தடவை காலேஜ் முடித்து வரும் பையன்களை வரிசை போட்டு எடுப்பார்கள், அதுதான் டிராஃப்ட். ஏழு ரவுண்ட். போன சீசனில் யார் படுமோசமோ அவர்களுக்கு முதல் தேர்வு. 2025இல் கிரீன் பேயில் ஏப்ரல் 24 முதல் 26 வரை நடந்தது, மொத்தம் 257 பேர். முதல் ரவுண்ட் நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தது, அதனால் தூக்கம் கெடாமல் பார்க்க முடிந்தது. நம்ம கால்பந்து லீக் ஐஎஸ்எல்லிலும் இப்படி ஒன்று இருந்தது, 2017இல் மலப்புரத்துக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது ஞாபகம் இருக்கும், 1.10 கோடி. ஆனால் அது ஏற்கனவே கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பங்கு போட்டது. காலேஜ் மைதானத்தில் இருந்து நேராக மேலே கொண்டுபோகிற ஏணி நம்மிடம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும், ஏதோ ஒரு டோர்னமெண்டில் யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, டிரையலுக்குக் கூப்பிட்டு, அதற்கு ரயில் டிக்கெட்டும் கிடைத்துப் போனால்தான் உண்டு. அமெரிக்காக்காரன் பையனின் கை நீளத்தை முதற்கொண்டு அளந்து எழுதி வைக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிரவுன்ஸ் 2024 சீசனில் 17 ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தது. கையில் இருந்தது இரண்டாவது பிக். டென்னசி டைட்டன்ஸ் முதல் ஆளாகக் குவார்ட்டர்பேக் கேம் வார்டை எடுத்ததும், அடுத்து டிராவிஸ் ஹண்டர்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கொலராடோவில் பந்து பிடிக்கிற பக்கமும் அதைத் தடுக்கிற பக்கமும் ஒரே ஆட்டத்தில் ஆடி, காலேஜின் சிறந்த ஆட்டக்காரனுக்கான 2024 ஹெய்ஸ்மன் விருதை வாங்கியவன், அப்படி ஒருவன் தலைமுறைக்கு ஒரு தடவைதான் வருவான். அந்த இடத்தில் பிரவுன்ஸ் பிக்கை ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஐந்தாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. அத்தானிடம் இருந்து வந்த வாய்ஸ் மெசேஜை இங்கே எழுத முடியாது.

கணக்கைப் பாருங்கள். கொடுத்தது 2, 104, 200 ஆகிய மூன்று பிக். வாங்கியது 5, 36, 126, அதோடு ஜாகுவார்ஸின் 2026 முதல் ரவுண்ட் பிக். அந்த மூன்று இடத்தில் வந்தவர்கள் மேசன் கிரஹாம், குயின்ஷான் ஜட்கின்ஸ், டிலன் சாம்ப்ஸன். அதாவது ஹண்டர் ஒருவனை விட்டுக்கொடுத்து மூன்று பேர், அடுத்த ஆண்டுக்கு ஒரு முதல் ரவுண்ட். போன சீசனில் 4-13 (4 வெற்றி, 13 தோல்வி) என்று முடித்த அணியின் பிக் அது. அவர்கள் மறுபடி சொதப்பினால் வரிசையில் மேலே வரும், நன்றாக ஆடினால் கீழே போகும், எப்படி வந்தாலும் முதல் ரவுண்ட் முதல் ரவுண்ட்தான். பிரவுன்ஸின் சொந்தப் பிக்கும் கையில் இருக்கிறது. ஒரு குவார்ட்டர்பேக்குக்காக மேலே ஏற வேண்டிய நாள் வந்தால் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கும். என்னைக் கேட்டால் இந்த டிராஃப்டிலேயே நல்ல வேலை இதுதான், மைதானத்தில் யாரும் இன்னும் பார்க்க முடியாத அந்தப் பிக்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த அணி நாசமானதே முதல் ரவுண்ட் பிக்குகளை வாரி விட்டதால்தான். 2022இல் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக ஹூஸ்டனுக்கு மூன்று முதல் ரவுண்ட் பிக் போனது, அதற்கு மேல் அவருக்கு 23 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் காசு. 2024 அக்டோபரில் குதிகால் தசைநார் அறுந்தது, ஆறி வருவதற்குள் அதே இடத்தில் மறுபடி அறுந்தது. 2021க்குப் பிறகு பிரவுன்ஸ் முதல் ரவுண்டில் எடுத்த முதல் ஆளே கிரஹாம்தான் என்று சொன்னால் நிலைமை புரியும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஹண்டரைக் கொண்டுவந்து வைத்தால் ஜெர்சி நன்றாக விற்கும், ஆட்டம் மாறாது. அவனுக்குப் பந்தை எறிய யார் இருக்கிறார்கள்?

இனி ஆட்கள்.

மேசன் கிரஹாம், மிச்சிகன் காலேஜ், டிஃபென்சிவ் டேக்கிள். நடுவில் குனிந்து நின்று, பந்து கிளம்பியதும் எதிரில் இருக்கிற மலை மாதிரி ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற வேலை. டிவியில் யாரும் கவனிக்காத வேலை. எங்கள் ஊர் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், அமெரிக்க ஆட்டத்தில் ஒரு விதியும் தெரியாது, ஆனால் ஒரு பையன் ஓடுவதைப் பார்த்தே முட்டியில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவரிடம் கிரஹாமின் வீடியோவைக் காட்டினேன். ஃபோனை வாங்கி ஒரே இடத்தை மூன்று நான்கு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "லே மக்கா, இவன் கைய பாரு. கை முதல்ல போவுது, உடம்பு அப்புறம்தான் வருது. மத்தவன் நிமிரும்போது இவன் இன்னும் குனிஞ்சுதான் இருக்கான்" என்றார். ஆள் தேடித் திரிகிற ஸ்கவுட்டுகள் பக்கம் பக்கமாக எழுதினது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் செய்தவன், அந்தப் பிடி அப்படியே இருக்கிறது. எதிராளியின் மார்பில் கையை வைத்து, அவன் பாரத்தை அவனுக்கு எதிராகவே திருப்பி, தோளைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறான்.

குறை சொல்கிறவர்கள் இரண்டு சொல்கிறார்கள். எடை 296 பவுண்டு, நம்ம கணக்கில் 134 கிலோ, அந்த இடத்துக்கு அது இலேசான உடம்பு. கையும் குட்டை. அப்புறம் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்த எண்ணிக்கையும் பெரிதாக இல்லை. இரண்டும் உண்மைதான், ஆனால் பிரவுன்ஸில் அவனுக்கு வெளியே நிற்கப்போவது மைல்ஸ் கேரட். பிப்ரவரியில் என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று அறிக்கை விட்டு, மார்ச்சில் ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்றதும் மனசு மாறிய அதே கேரட். அவரைத் தடுக்க எல்லா அணியும் இரண்டு பேரை ஒதுக்கும். அப்போது நடுவில் கிரஹாமுக்கு எதிரில் ஒருவன்தான். குவார்ட்டர்பேக்குகள் கேரட்டிடம் இருந்து தப்பிக்க முன்னால் ஏறி வருவார்கள், இவ்வளவு நாள் அந்த வழி திறந்து கிடந்தது. இனி அங்கே இவன் நிற்பான். சாய்த்த கணக்கு கேரட்டின் பெயரில்தான் எழுதப்படும், பரவாயில்லை. 2024 ஜனவரியில் மிச்சிகன் அலபாமாவை வீழ்த்திய ரோஸ் பௌல் ஆட்டத்தில் தடுப்பு அணியின் சிறந்த ஆட்டக்காரன் இவன்தான். பெரிய ஆட்டத்தில் ஒளிந்துகொள்கிற பையன் இல்லை.

கார்சன் ஷ்வெசிங்கர், யூசிஎல்ஏ, லைன்பேக்கர் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கிறவன்), 33ஆவது பிக். எனக்கு இந்த ஏழு பேரில் பிடித்த கதை இவனுடையது. ஸ்காலர்ஷிப் கிடைக்காமல், நானும் ஆடுகிறேன் என்று சும்மா போய் அணியில் சேர்ந்தவன், படிப்பு பயோ எஞ்சினியரிங். ஒரே ஒரு சீசன்தான் முழுதாக ஆடினான், அதில் 136 டேக்கிள், அதாவது பந்தோடு வருகிறவனைப் பிடித்து விழுத்தியது. அந்த ஒரு சீசனை நம்பி இரண்டாம் ரவுண்டின் முதல் பிக்கைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கொடுக்கலாம். பந்தைக் கையில் வைத்திருக்கிறவன் வலது பக்கம் போகிற மாதிரிக் காட்டி இடது பக்கம் திரும்புகிற ஆட்டங்களில் மற்றவர்கள் எல்லாம் ஒரு அடி தவறாக எடுத்து வைப்பார்கள், இவன் நின்ற இடத்தில் காத்திருந்துவிட்டுச் சரியான சந்தில் போய் நிற்கிறான். அது கால் வேகத்தால் மட்டும் வருவதில்லை. பிரவுன்ஸில் அந்த இடத்தில் ஆடின ஜெரமையா ஒவுசு கோரமோவா 2024 அக்டோபரில் கழுத்தில் அடிபட்டுப் போனதில் இருந்து அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, அதனால் முதல் வாரத்தில் இருந்தே ஆட விடுவார்கள். கைகலப்பில் பெரிய லைன்மேன் வந்து பிடித்தால் கொஞ்சம் மாட்டிக்கொள்கிறான், முன்னால் கிரஹாம் நிற்பது இவனுக்கும் நல்லது.

குயின்ஷான் ஜட்கின்ஸ், 36ஆவது பிக், ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கி ஓடுகிறவன்). முதலில் ஓல் மிஸ், பிறகு ஒஹையோ ஸ்டேட். நூறு கிலோ உடம்பு, நேராக முட்டிக்கொண்டு போகிற ஓட்டம். ஜனவரியில் நோட்ர டேமுக்கு எதிரான தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் சரியாக 100 யார்டு ஓடி மூன்று டச் டவுன் (நம்ம கோல் மாதிரி) போட்டான். கிளீவ்லாண்ட் மாதிரி டிசம்பரில் ஏரிக்காற்று அடிக்கிற ஊரில் பந்தை மேலே எறிவதைவிடக் கையில் கொடுத்து ஓடச் சொல்வதுதான் நல்லது, ரன்னிங் பேக் நிக் சப் நன்றாக இருந்த காலத்தில் அதைத்தான் செய்தார்கள். சப் முட்டி உடைந்து போன பிறகு அந்த ஆட்டமும் போய்விட்டது. குறை என்னவென்றால், இடைவெளி கிடைத்து வெளியே வந்த பிறகு கடைசி வரை ஓடி முடிக்கிற வேகம் இவனிடம் எப்போதும் இருப்பதில்லை. நோட்ர டேம் ஆட்டத்தில் அந்த 70 யார்டு ஓட்டத்தையே பாருங்கள், கடைசியில் பிடித்துவிட்டார்கள்.

நாலாம் ரவுண்டில் டிலன் சாம்ப்ஸன், டென்னசி காலேஜ், இன்னொரு ரன்னிங் பேக். ஐந்தடி எட்டு அங்குலம், குட்டைப் பையன், ஆனால் போன சீசனில் 22 டச் டவுன் ஓடிப் போட்டவன். ஜட்கின்ஸ் முட்டுவான், இவன் நழுவுவான். 126இல் இது லாபம். இவ்வளவு போதும்.

ஹெரால்டு ஃபானின் பற்றிக் கொஞ்சம் நிறைய சொல்ல வேண்டும். பௌலிங் கிரீன், டைட் எண்ட் (நின்று தடுக்கவும் ஓடிப் பந்து பிடிக்கவும் செய்கிறவன்), 67ஆவது பிக். கேன்டன் ஊர்க்காரன், ஒஹையோவிலேயே, கிளீவ்லாண்டில் இருந்து காரில் ஒரு மணி நேரம். புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற ஊர் அது, சின்ன வயதில் இருந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருப்பான். போன சீசனில் 117 பந்து பிடித்து 1,555 யார்டு, காலேஜ் மேல்மட்டத்தில் ஒரு டைட் எண்ட் ஒரே சீசனில் இவ்வளவு செய்ததே இல்லை. அப்படியும் ஏன் மூன்றாம் ரவுண்ட் வரை கிடந்தான்? பௌலிங் கிரீன் சின்ன காலேஜ், அது ஆடுகிற மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்கிற பிரிவும் சின்னது. பயிற்சி அண்ணனிடம் இதைச் சொன்னபோது உடனே கேட்டார், "செவன்ஸ்ல கோல் அடிச்சுக் குவிக்கிறவன் எல்லாம் லெவன்ஸ்ல அடிப்பானா?" எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஏழு பேர் ஆடுகிற மலபார் செவன்ஸில் ராஜாவாகத் திரிந்தவனைப் பெரிய மைதானத்தில் இறக்கினால் இருபதாவது நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும்.

ஆனால் ஃபானின் விஷயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பெரிய அணிகளுக்கு எதிராக அவன் என்ன செய்தான் என்று பார்த்தால் போதும். பென் ஸ்டேட்டுக்கு எதிராக, அவர்கள் மைதானத்திலேயே, நூறு யார்டுக்கு மேல். டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராகவும் நூறு யார்டுக்கு மேல், அதுவும் அவர்கள் மைதானத்தில். இந்த இரண்டு அணியிலும் தடுக்க நின்றவர்களில் பலர் இன்று என்எஃப்எல் வாசலில் நிற்கிறவர்கள். வீடியோவில் கவனித்தது ஒன்று: பந்தைப் பிடிப்பதற்கு முன்பே தடுக்கிறவன் எந்தத் தோள் பக்கம் வருகிறான் என்று தெரிந்துகொண்டு, பிடித்த அதே அசைவில் மறுபக்கம் திரும்பிவிடுகிறான். பிடித்தபின் நின்று யோசிக்கிற அந்த அரை நொடி இவனிடம் இல்லை. ஓட்டப் பந்தயத்தில் வைத்தால் சுமார்தான், நின்று தடுக்கிற வேலையிலும் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும். வயது இருபதுதான், கற்றுக்கொள்ளட்டும். அணியில் இருந்த டைட் எண்ட் டேவிட் என்ஜோகுவின் ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிவதாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 67இல் இதைவிட நல்ல பிக் இருந்திருக்காது.

இது வரை எல்லாம் சந்தோஷம். அடுத்து 94.

இந்த 94ஆவது பிக் எப்படி வந்தது தெரியுமா, போன அக்டோபரில் அமரி கூப்பரை பஃபலோவுக்குக் கொடுத்து வாங்கியது. நல்ல ரிசீவர் (வெளியே ஓடிப் பந்து பிடிக்கிறவர்) ஒருவரைக் கொடுத்துக் கிடைத்த பிக். அதில் எடுத்தது டிலன் கேப்ரியல், ஓரிகன், குவார்ட்டர்பேக். பையன் மோசம் இல்லை. ஹவாய்க்காரன், இடக்கை, மூன்று காலேஜில் ஆறு சீசன் ஆடினவன், ஓரிகனை 13-0 என்று கொண்டுபோனவன், ஹெய்ஸ்மன் இறுதிப் பட்டியலில் இருந்தவன். அனுபவத்துக்குக் குறைவில்லை. பந்தைச் சீக்கிரம் எறிந்துவிடுவான், வம்பில் மாட்டமாட்டான். ஆனால் உயரம் ஐந்தடி பதினொன்று, தூரத்து எறிதலில் பலம் போதவில்லை, வயது இருபத்திநாலு. இனி எவ்வளவு வளரப்போகிறான்? எனக்குத் தெரிந்து இவன் நல்ல இரண்டாவது குவார்ட்டர்பேக். நல்ல இரண்டாவது குவார்ட்டர்பேக்கை ஐந்தாம் ரவுண்டில் எடுப்பார்கள், மூன்றாம் ரவுண்டில் எடுக்க மாட்டார்கள். இதற்காகத்தான் அரை நட்சத்திரம் போனது.

ஐந்தாம் ரவுண்டில் யார் வந்தது என்றால், ஷெடூர் சாண்டர்ஸ். முதல் ரவுண்டில் போவான், டாப் ஐந்தில்கூடப் போகலாம் என்று மாதக் கணக்கில் பேசின பையன். வெள்ளிக்கிழமை காலை போகவில்லை, சனிக்கிழமை காலை போகவில்லை. இடையில் யாரோ நியூ ஆர்லியன்ஸ் அணி என்று சொல்லிப் பொய்யாக ஃபோன் வேறு பண்ணினார்கள், அவன் நம்பர் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியிடம் இருந்து வெளியே போனதற்காக லீக் அவர்களுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. கடைசியில் நமக்குச் சனிக்கிழமை ராத்திரி, 144ஆவது ஆளாக, ஆறாவது குவார்ட்டர்பேக்காக, பிரவுன்ஸே பின்னால் இருந்த பிக்குகளைக் கொடுத்து மேலே ஏறி வந்து எடுத்தது. அப்பா டியான் சாண்டர்ஸ், ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர், கொலராடோவில் இவனுக்குப் பயிற்சியாளரும் அவர்தான். பையன் திமிர் பிடித்தவன், இன்டர்வியூவில் சரியாகப் பேசவில்லை என்று ஒரு கூட்டம். அப்பா மேல் இருக்கிற கோபத்தைப் பையன் மேல் காட்டுகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை, ஆட்டத்தைப் பார்ப்போம்.

நல்லது: 74 சதவீதம் துல்லியம். போன சீசனில் 37 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன் (எதிராளி கைக்குப் போன எறிதல்). குறுகிய, நடுத்தர தூரத்தில் ரிசீவரின் கைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறான், எதிராளி மேலே விழப்போகிறான் என்று தெரிந்தும் கண்ணை எடுக்காமல் நின்று எறிகிறான். கெட்டது: அழுத்தம் வந்தால் முன்னால் ஏறாமல் பின்னால் பின்னால் போகிறான். ஐந்து அடி, எட்டு அடி, பத்து அடி என்று பின்வாங்கி, ஏதாவது அதிசயம் நடக்கும் என்று பந்தைக் கையிலேயே வைத்திருந்து, கடைசியில் பெரிய நஷ்டத்தோடு சாய்கிறான். போன சீசனில் 42 தடவை சாய்த்தார்கள். பாதிக்குக் கொலராடோவின் லைன் (குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் காவல் நிற்கிற வரிசை) காரணம், மீதிக்கு இவன்தான். என்எஃப்எல்லில் துரத்துகிறவன் காலேஜ் பையனைவிட வேகமானவன், பின்னால் போகிற வழக்கத்தை விடாவிட்டால் தேறமாட்டான். விட்டுவிட்டால் 144இல் எடுத்த விலைக்கு இது கொள்ளை லாபம், ஏனென்றால் புதியவர்களின் சம்பளம் பிக் நம்பரை வைத்துத்தான், ஐந்தாம் ரவுண்ட் பையன் அணிக்கு ஒரு செலவே இல்லை. தேறாவிட்டாலும் நஷ்டம் சின்னது. ஆக, தனியாகப் பார்த்தால் சாண்டர்ஸ் நல்ல பிக், கேப்ரியல் சுமார் பிக். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தலைவலி.

டிராஃப்ட் நேரத்தில் அணியில் குவார்ட்டர்பேக்காக ஏற்கனவே இருந்தவர் ஜோ ஃபிளாக்கோ, அப்போது வயது நாற்பது. கென்னி பிக்கெட் 2025 மார்ச்சில் வந்தார். வாட்சன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் இரண்டு புதுப் பையன்கள். பயிற்சி முகாமில் முதல் அணியோடு ஆடுகிற வாய்ப்பு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது, அதை நான்காகப் பிரித்தால் யாருக்குமே போதாது. கேப்ரியலுக்கு அதிகம் கொடுத்தால் ஊடகம் சாண்டர்ஸ் எங்கே என்று கேட்கும், சாண்டர்ஸுக்குக் கொடுத்தால் மூன்றாம் ரவுண்ட் பையனை எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்கும். அப்போதைய பயிற்சியாளர் ஸ்டெஃபான்ஸ்கி இரண்டு தடவை சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினவர், பாவம், இந்த ஆண்டு பாதி நேரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகும். சில ஆண்டு ஆடாமல் இருந்த அணி 1999இல் திரும்பி வந்ததில் இருந்து சுமார் 40 பேர் இங்கே குவார்ட்டர்பேக்காக ஆட்டம் தொடங்கியிருக்கிறார்கள், பட்டியல் இன்னும் நீளும் போல இருக்கிறது.

இதில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். ஏழு பேரில் ஒரு ரிசீவர் கிடையாது. ஒரு ஆஃபென்சிவ் லைன்மேன் கிடையாது. ஜெரி ஜூடி போன சீசனில் 1,229 யார்டு பிடித்தார், அவரைத் தவிர எதிரணி பயப்படுகிற மாதிரி வெளியே ஓடுகிறவர் யார் இருக்கிறார்கள்? லைனில் ஜோயல் பிட்டோனியோவுக்கு முப்பத்துமூன்று வயது, ஜாக் கான்க்லினுக்கு முப்பது தாண்டிவிட்டது. யார் குவார்ட்டர்பேக்காக நின்றாலும் முன்னால் காவல் நிற்க ஆள் வேண்டாமா? பின்னால் பின்னால் போகிற பழக்கம் உள்ள பையனைக் கொண்டுவந்து ஓட்டை லைனுக்குப் பின்னால் நிறுத்துவது நியாயமா? 94இல் மேரிலாண்ட் ரிசீவர் டாய் ஃபெல்டன் இன்னும் இருந்தான், எட்டு இடம் கழித்து மின்னசோட்டா எடுத்துக்கொண்டது. 133 வரை ஜேலன் ராயல்ஸ் இருந்தான், 136 வரை ஸ்டான்ஃபோர்டின் எலிக் அயமனோர் இருந்தான். கூப்பரைக் கொடுத்து வாங்கின பிக்கில் ஒரு ரிசீவரை எடுத்திருந்தால், சாண்டர்ஸை அதே 144இல் எடுத்துக்கொண்டு, இந்தக் குவார்ட்டர்பேக் கூத்தும் இல்லாமல், நான் இன்று நாலரை போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். இரண்டு ரன்னிங் பேக் எடுத்தார்கள் சரி, அவர்களுக்கு வழி திறந்துவிடுகிறவனை யார் எடுப்பது?

ஜெனரல் மேனேஜர் ஆண்ட்ரூ பெர்ரி அடுத்த ஆண்டு இரண்டு முதல் ரவுண்டை வைத்து இதையெல்லாம் சரி செய்வார் என்று அத்தான் நம்புகிறார். செய்யலாம். அதுவரை இந்த சீசனை ஆடித்தானே ஆக வேண்டும். ஆறு ஏழு ஆட்டம் ஜெயித்தால் பெரிய விஷயம் என்பது என் கணக்கு, தடுப்பு அணி நன்றாக இருக்கும், பந்து கையில் இருக்கும்போது ஓடியே ஒப்பேற்றுவார்கள், மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்) எட்டு யார்டு வேண்டும் என்றால் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாக ஒரு அணியைப் பிடிக்கலாம் என்று நினைக்கிற எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு: ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு கடை பாருங்கள். ஆட்டக்காரன் ஒருவன் முதல் நாளில் இருந்து எப்படி உருவாகிறான் என்று பார்க்க ஆசை என்றால், கிரஹாம், ஷ்வெசிங்கர், ஃபானின் மூன்று பேரையும் செப்டம்பரில் இருந்து கவனியுங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் நடுவில் குனிந்து நிற்கிறவனின் கையைப் பார்த்துப் பழகுங்கள், ஆட்டம் பாதி புரிந்துவிடும்.

அக்கா இந்தத் தடவை யார் பெயர் போட்ட ஜெர்சி வேண்டும் என்று கேட்டாள். ஃபானின், எக்ஸ்எல், ஆரஞ்சு கலர் என்று சொல்லியிருக்கிறேன். கடையில் இருப்பதெல்லாம் சாண்டர்ஸ்தானாம், ஃபானின் வேண்டும் என்றால் பெயர் தனியாக அடித்து வாங்க வேண்டுமாம், அதற்குக் காசு கூட. அடிக்கச் சொல்லிவிட்டேன், கூடுதல் காசு அத்தான் கணக்கில்.